ஓடியவன் முதலில் கேட்டான்



ஆடிப் பட்டத்துக்கு நிலம் தயாராகிற நாட்கள் இவை. ரிஷிவந்தியம், பகண்டை கூட்டுரோடு, மணலூர்பேட்டை பக்கமெல்லாம் விதையை வாங்கி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் வயலிலும் சுகம் உண்டாகக் கர்த்தர் அருள் செய்வாராக.

இந்த மாதம் வந்த கடிதங்களில் இரண்டைத் தனியாக எடுத்து வைத்தேன். ஒன்று சங்கராபுரம் பக்கத்து வாலிபத் தம்பி எழுதியது. "அண்ணே, கடைசிக் காலம் இது. தினமும் எத்தனை பேர் இயேசுவை அறியாமலே சாகிறாங்க. நம்ம ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடிட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. யாருக்குமே பாரம் இல்லை. இதைக் கடுமையா எழுதுங்க" என்று கேட்டிருந்தார். இன்னொன்று திருக்கோவிலூரில் இருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா எழுதியது. அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "காலம் சரியில்லை. கைப்பிரதி கொடுத்தால்கூட ஸ்டேஷன் வரைக்கும் போகிறது. நம் வீட்டில் ஜெபம் பண்ணி, நம் பிள்ளைகளை ஒழுங்காக வளர்த்தால் அதுவே சாட்சி அல்லவா? வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது ஞானமா?" என்று கேட்கிறார்.

இருவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. தம்பியின் கடிதத்தில் பாரம் இருக்கிறது, ஐயாவின் கடிதத்தில் அனுபவம் இருக்கிறது. ஆனால் அவசரம் என்றால் சத்தமாகவும் வேகமாகவும் பேசுவது என்று தம்பி நினைக்கிறார். ஞானம் என்றால் பேசாமல் இருந்துவிடுவது என்று ஐயா நினைக்கிறார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தை அவர்கள் இருவருக்கும் பதிலாகவே எழுதுகிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமிலிருந்து காசாவுக்கு இறங்கும் வனாந்தர வழி. எத்தியோப்பிய ராணியின் பொக்கிஷத்துக்குத் தலைவரான ஒரு பெரிய அதிகாரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயா ஆகமத்தை வாசித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். அந்த இரதத்தோடு சேர்ந்துகொள் என்று ஆவியானவர் சொன்னதும் பிலிப்பு ஓடினார். நடக்கவில்லை, ஓடினார் என்றுதான் எழுதியிருக்கிறது. அவ்வளவு அவசரம். ஆனால் ஓடிப் போய்ச் சேர்ந்தவர் முதலில் செய்தது காது கொடுத்தது. இரதத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று கேட்டார். அடுத்ததாக, வாசிப்பது விளங்குகிறதா என்று ஒரு கேள்வி. விளக்கிச் சொல்ல ஆள் இல்லையே என்று அதிகாரி சொல்லி, ஏறி உட்காரும்படி அழைத்த பிறகுதான் பிலிப்பு இரதத்தில் ஏறினார். அந்த மனிதர் எந்த இடத்தில் தடுமாறி நின்றாரோ அதே வேதவாக்கியத்திலிருந்து இயேசுவைச் சொல்லத் தொடங்கினார். வழியில் தண்ணீரைக் கண்டதும் ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டதும் அந்த அதிகாரிதான். பிலிப்பு அவரை நெருக்கவே இல்லை.

பிலிப்புவின் அவசரம் முழுவதும் அவருடைய கால்களில் இருந்தது. கேட்கிறவர் தலைமேல் அதை அவர் தூக்கி வைக்கவில்லை. இந்த மாதம் நான் சொல்ல வந்தது இதுதான்: போவதில் அவசரப்படுங்கள், போன இடத்தில் யாரையும் அவசரப்படுத்தாதீர்கள்.

நம் தமிழ் மண்ணிலேயே இதற்குப் பெரிய சாட்சி உண்டு. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனெரி சீகன்பால்குவுக்கு அப்போது 24 வயது முடிய ஒரு நாள் இருந்தது. 1719-ல் 36 வயதில் இறந்துபோனார். இடையில் இருந்தது பதின்மூன்று வருடம்கூட இல்லை. அதிலும் சில மாதங்கள் டேனிஷ் கோட்டையின் சிறையில் போயின, ஒரு பகுதி ஐரோப்பாவுக்குப் போய்வந்ததில் போயிற்று. இவ்வளவு குறைந்த ஆயுள் உள்ளவர் வந்த மறுநாளே தெருமுனையில் நின்று பிரசங்கித்திருக்க வேண்டும் என்றுதான் நம் சங்கராபுரத்துத் தம்பி சொல்வார். அவரோ திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தார். தமிழ் வாயில் வந்த பிறகும் பேசியதைப் போலவே கேட்டார். 1712 முதல் 1714 வரை, அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் தமிழ் அறிந்த பெரியவர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் வழிபாடு என்ன, உங்கள் வாழ்க்கை முறை என்ன, கிறிஸ்தவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். வந்த பதில்கள் எல்லாம் இனிப்பாக இல்லை. வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்களின் குடியையும் நடத்தையையும் நம்மவர்கள் தாராளமாகக் கண்டித்திருந்தார்கள். சீகன்பால்கு அதை மறைக்கவில்லை. ஜெர்மன் மொழியில் ஆக்கித் தம்மை ஆதரித்த ஹாலே நகரத்துப் பெரியவர்களுக்கே அனுப்பிவைத்தார்.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதிய பெரிய நூல் 1867 வரை அச்சேறவே இல்லை. இதையெல்லாம் எழுதுவதா மிஷனெரியின் வேலை என்று மேலிடம் நினைத்தது. அவருக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. தான் யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாதவன் சுவிசேஷத்தை எப்படிச் சொல்வான்? அப்படிக் கேட்டுப் பழகிய காதுதான் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தது.

நம்மில் எத்தனை பேர் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய பக்தியைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறோம்? ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் கோயிலின் தேனபிஷேகத்தைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அந்த வாசலில் போய் நின்று கைப்பிரதி கொடுப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். ஒருவர் கும்பிடப் போகிற வழியில் குறுக்கே நிற்பது அன்பாகாது. ஆனால் அங்கிருந்து திரும்பி வந்து டீக்கடையில் உட்காருகிறவரிடம், எதற்காக வேண்டிக்கொண்டீர்கள் என்று ஒரு அயலானாகக் கேட்கலாம். பிள்ளை இல்லை என்பார். மகள் புருஷனோடு வாழவில்லை என்பார். போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது என்பார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு நமக்குப் பேச வார்த்தை வரும். அல்லது பேச்சை நிறுத்தி அவருக்காக அழ வரும். இரண்டுமே நல்லதுதான்.

இனி ஐயாவுக்கு வருகிறேன். வாயைத் திறக்காமல் இருப்பதே ஞானம் என்கிறார்.

ஐயா, 2024 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒரு ராத்திரியில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். மெத்தனால் கலந்த விஷச் சாராயம். முதலில் வயிற்றெரிச்சல் என்றார்கள், பிறகு கண் தெரியவில்லை என்றார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாயையும் தகப்பனையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு. அந்த வாரம் நம் சபைகளில் பலவும் அரிசியும் துணியும் கொண்டு போயின. நல்ல காரியம், கர்த்தர் அதை மறக்கமாட்டார். ஆனால் அந்தத் தெரு 2024 ஜூனில்தான் முளைத்ததா? வேலை முடிந்து வருகிற வழியிலேயே குடித்துவிட்டு வீடு சேருகிற மனிதர்கள் அதற்கு முன்பு இருபது வருடம் அங்கே இருந்தார்கள். நாம் கூட்டத்துக்குப் போன பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போயிற்று. குடியிலிருந்து ஒரு மனிதனை எழுப்பி நிற்கவைக்கிற வல்லமை இயேசுவுக்கு உண்டு என்று நம் சபைகளில் சாட்சி சொல்லாத ஞாயிறு உண்டா? அந்தச் சாட்சியை அந்தத் தெருவில் போய் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லாமல், சபைக்குள் நாமே நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். வம்பு வரும் என்று பயந்து மௌனமாக இருப்பதற்கு ஞானம் என்று பெயர் வைக்கக் கூடாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தியாகதுருகம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா நம் பத்திரிகையின் நெடுநாள் வாசகி. அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம். புருஷனுக்குக் குடியால் ஈரல் கெட்டு, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா விடியற்காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, தூக்குச்சட்டியில் இட்லியும் ஒரு டப்பாவில் தொட்டுக்கொள்ளச் சட்னியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்வந்தார். ஒருநாள் வார்டுக்கு வெளியே வராந்தாவில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண் இட்லியைப் பிட்டுக்கொண்டே திடீரென்று கேட்டாராம்:

"ஏன்க்கா, எனக்காக வேண்டிக்கறன்னு சொல்வியே, எந்த சாமிகிட்ட வேண்டிக்கற?"

"இயேசுகிட்டதான்மா. நீ தப்பா எடுத்துக்குவியோன்னு சொல்லல."

"இத்தினி வருசமா பக்கத்துலயே இருக்கற. ஒருநாளாவது எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

அக்கா என்னிடம் இதைச் சொல்லும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெண் கோபித்துக் கேட்கவில்லை, ஆதங்கத்தோடு கேட்டிருக்கிறார். நல்லது ஒன்று கையில் இருந்தும் எனக்குத் தரவில்லையே என்கிற ஆதங்கம். அந்த வராந்தாவிலேயே அக்கா தன் கதையைச் சொன்னார். தன் தகப்பன் குடித்து அழிந்தது, தான் அரளி விதையை அரைத்து வைத்த ராத்திரி, அன்றைக்கு இயேசுவை நோக்கி அழுதது, எல்லாம். பிரசங்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் இன்றுவரை எந்தச் சபையிலும் சேரவில்லை. ஆனால் சாயங்காலம் கடைக்கு வந்து, "அன்னைக்குச் சொன்னியே, அதுல மிச்சம் சொல்லுக்கா" என்று கேட்கிறாராம். இதற்குமேல் அவசரப்படுத்த வேண்டியதில்லை. கேட்கிறவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

தம்பி, இப்போது உனக்கு. கல்வராயன் மலைக்குப் போகவேண்டும் என்று ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். மிக நல்ல ஆசை. போவதற்கு முன்னால் அந்த மலையின் கதையைத் தெரிந்துகொள். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களின் கையில் அந்த மலை இருந்தது. நாடு 1947-ல் விடுதலை பெற்றது. அந்த மலையில் ஜாகிர் ஆட்சி முடிந்தது 1976-ல்தான். நமக்குக் கிடைத்த சுதந்திரம் அந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஒரு தலைமுறை தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த மலைமக்களின் வாழ்வைப் பற்றி விசாரிக்கும் அளவுக்குத்தான் சாலையும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இருந்தன. கீழிருந்து மேலே ஏறி வந்தவர்கள் வரி கேட்டு வந்தார்கள், வட்டி கேட்டு வந்தார்கள், கடுக்காயையும் புளியையும் அடிமாட்டு விலைக்குக் கேட்டு வந்தார்கள், சாராயம் காய்ச்சித் தரச் சொல்லி வந்தார்கள். ஆகவே நீ வெள்ளைச் சட்டை போட்டு, பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர்கள் மனதில் ஓடுகிற கேள்வி ஒன்றே ஒன்று: இவன் எதை எடுத்துப் போக வந்திருக்கிறான்?

இந்தக் கேள்விக்கு உன் வாய் பதில் சொல்ல முடியாது, உன் நடத்தைதான் சொல்லவேண்டும். சில மாதங்களுக்கு முன்னால் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் என் கைக்கு வந்தது. மலைக்கிராமம் ஒன்றில் எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி, மண் திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கைகூப்பியிருக்கிறார். சுற்றிலும் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் அவர் தலைமேல் கைவைத்து நிற்கிறார்கள். ஒருவர் போனைப் பார்த்துச் சிரிக்கிறார். கீழே ஊர் பெயர், பாட்டியின் பெயர், 'ஓர் ஆத்துமா ஆதாயம், ஸ்தோத்திரம்' என்று எழுதியிருந்தது. அந்தப் பாட்டிக்கு மூட்டுவலி. தைலம் தேய்த்துவிட்டு, உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். சரி என்றிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. படம் குழு குழுவாகச் சுற்றி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற அவருடைய பேரன் போனுக்கே போய்விட்டது. ஊருக்கு வந்து சத்தம் போட்டு, பெரியவர்கள் கூடிப் பேசி, அந்தப் பாட்டியை எல்லார் முன்னிலையிலும் விசாரித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த ஊருக்குள் இனி இடமில்லை. அதைவிடப் பெரிய வேதனை, அந்த வயதில் அந்தத் தாயைத் தலைகுனிந்து நிற்க வைத்துவிட்டோம் என்பதுதான்.

அந்தப் படத்தை எடுக்காமல் இருந்திருந்தால் போதும், அதுதான் ஞானம். மலையில் போய்ப் படிக்கவேண்டிய பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, தம்பி. ஜெபிக்கிறவரைப் படம் எடுக்காதே. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைத் தாய் தகப்பனுக்குத் தெரியாமல் கூட்டி வைத்துப் பேசாதே. அவர்கள் கும்பிடுகிற தெய்வத்தைக் கேலி பேசி இயேசுவை உயர்த்திவிட முடியாது. சர்க்கரைக்கும் காசநோய்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவரிடம், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று யாராவது கேட்டால் அவர் வாயை அங்கேயே அடைத்துவிடு. அதனால் உயிர் போனால் அந்த இரத்தப்பழி நம் தலைமேல்தான். இவற்றில் கடைசியாகச் சொன்னதை நம் ஜெபக்கூட்டங்களில் வெளிப்படையாகக் கண்டிக்காத போதகர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அதை எழுதுவதற்கு நான் தயங்கவில்லை.

சட்டத்தைப் பற்றி ஐயா பயப்படுகிறார். பயத்தைவிட அறிவு நல்லது. அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்ற வரம்பும் அதிலேயே இருக்கிறது. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: நம்பிக்கையை எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமையாகாது. இந்தத் தீர்ப்பைக் கேட்டு வருத்தப்படுகிற கிறிஸ்தவர்கள் உண்டு. நான் வருத்தப்படவில்லை. மனதை மாற்றுகிறவர் பரிசுத்த ஆவியானவர் என்றுதானே நாமும் விசுவாசிக்கிறோம்? தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலவந்தமோ பணமோ சுவிசேஷத்தில் கலக்கக் கூடாது. இயேசுவைப் பணக்காரனான வாலிபன் விட்டுப் போனபோது அவர் அவன் பின்னால் ஓடிப்போய்ப் பேரம் பேசவில்லை.

சொல்லவேண்டிய உண்மைகளை முழுக்கச் சொல்வதும் இதில் அடங்கும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால் 1950-ஆம் ஆண்டின் ஆணைப்படி அந்தப் பட்டியலின் சலுகைகள் போய்விடும். தமிழ்நாட்டில் அவரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கிறார்கள். அவருடைய பிள்ளையின் கல்லூரி இடம், உதவித்தொகை எல்லாம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லாமல் ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிப்பது நேர்மையல்ல. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். கணக்கைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் யோசிக்கட்டும் என்று காத்திருங்கள்.

25-ஆம் பிரிவில் இருக்கிற 'பரப்ப' என்ற அந்தச் சொல் சும்மா வரவில்லை. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் அதை எடுத்துவிடவேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். அது இருக்கட்டும் என்று பேசியவர்களில் நம் தமிழ்நாட்டு இந்துக்கள் இருந்தார்கள். எல். கிருஷ்ணசாமி பாரதி பேசினார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தான் பதினான்கு வருடம் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்ததாகவும், தன்னை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்றும் சொன்னார். ஒரு பள்ளிக்கூடம் ஒரு மாணவனை மரியாதையாக நடத்தியது. அவன் வளர்ந்து நாட்டின் சட்டம் எழுதப்படும் இடத்தில் நமக்காக எழுந்து நின்றான். இதைவிட நல்ல பலனை அந்த ஆசிரியர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது. அதே பேச்சில் அவர் இன்னொன்றும் சொன்னார். தீண்டப்படாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் கிறிஸ்தவனானதும் மேல்சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவனுக்குச் சமமாகிறான், அதுதான் அவர்களை இழுத்தது என்றார்.

நம்மைப் பற்றி வெளியிலிருந்து ஒருவர் வைத்திருந்த நல்லெண்ணம் அது. அதற்கு நாம் தகுதியாக நடந்தோமா?

நம் மாவட்டத்தின் மிஷன் சரித்திரமே இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. கார்ல் ஒக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனெரி, சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொண்ட லீப்சிக் மிஷனோடு ஒத்துப்போக முடியாமல் வெளியேறி, 1860-களின் தொடக்கத்தில் பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற மிஷன் நிலையத்தைத் தொடங்கினார். சபையில் சேருகிறவன் சாதியை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பதில் அவர் கறாரானவர். அவரோடு கைகோத்துதான் டேனிஷ் மிஷன் இந்தத் தென்னாற்காட்டுக்குள் வந்தது. பிறகு திருக்கோவிலூர் வரைக்கும் வந்தது. இன்றைக்கும் திருக்கோவிலூரில் 'டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி' என்று சொன்னால் எந்த மதத்துக்காரரும் வழி சொல்வார். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இந்த வட்டாரத்தில் சுவிசேஷத்துக்கு எத்தனை வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டது என்பது பரலோகத்தில்தான் தெரியும்.

அதே மண்ணில், உளுந்தூர்பேட்டை பக்கத்து இறையூரில், 2008 மார்ச் 9 அன்று என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். கத்தோலிக்க சபையில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று சொல்லித் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டுப் போராடினார்கள். ஒரே ஜெபமாலையைச் சொல்கிறவர்களுக்குள் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். கத்தோலிக்கர் பிரச்சினை என்று நம் சீர்திருத்த சபைகள் கையைக் கழுவ வேண்டாம். நம் கல்லறைத் தோட்டங்களையும் நம் சம்பந்தப் பேச்சுகளையும் யோசித்துப் பாருங்கள். ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவே இருக்கிற சாலையைக் கடக்காத கிறிஸ்தவன், கடல் கடந்து போய்ப் பிரசங்கித்தாலும் அவன் சாட்சி செல்லாது. இது என் தீர்மானமான கருத்து.

சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் எப்படித் தொடங்கினார்? கொடுக்கவில்லை, கேட்டார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். சமாரியர் கைத்தண்ணீரைக் குடிக்காத ஜனத்தில் பிறந்தவர் அவர். அந்த ஒரு வாய்த் தண்ணீரைக் கேட்டதிலேயே பாதிச் சுவிசேஷம் சொல்லி முடிந்துவிட்டது. நாம் எப்போதும் கொடுக்கிறவர்களாகவே போகிறோம். அரிசி, கம்பளி, கைப்பிரதி. போன வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, அவர்கள் முன்னாலேயே குடியுங்கள். கஞ்சி கொடுத்தால் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மலையில் சாமைச் சோறு தருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதே தம்பி.

கடைசியாக, சுவிசேஷம் சொல்வது ஊழியக்காரருடைய வேலை என்று ஒதுங்கியிருக்கிற எல்லாருக்கும் ஒரு வார்த்தை. திருநெல்வேலி நாடார் குடும்பத்தில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்நின்றார். தமிழர்கள் தெலுங்கு கற்றுக்கொண்டு தோர்ணக்கல் பக்கம் போனார்கள். 1912-ல் அவரே அங்கே பிஷப் ஆனார். அவர் ஞானஸ்நானம் கொடுத்த எளிய விவசாயக் கூலிகள் தங்கள் தலைமேல் தங்கள் கையையே வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்கிற பொருளில் பவுலின் வார்த்தையைச் சொல்லும்படி செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைச் சொன்னார்கள், சொன்னபடி அடுத்த ஊருக்குப் போனார்கள். அதே அசரியா 1910-ல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே, உங்கள் தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டவர். இந்தக் கட்டளையும் அந்த வேண்டுகோளும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை என்பதைத் தம்பியும் ஐயாவும் சேர்ந்து யோசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மாதம் ஒரே ஒரு பெயரை எழுதி உங்கள் பைபிளுக்குள் வையுங்கள். உறவினரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, கூட வேலை செய்கிறவரோ. இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள். போய் அவரைப் பேசவிடுங்கள். உங்கள் நம்பிக்கையைப் பற்றி அவர் கேட்டால் கூச்சப்படாமல், சுருக்கமாக, உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து சொல்லுங்கள். கேட்காவிட்டால் மறுபடியும் போங்கள். கல்வராயன் மலைக்குப் போக விரும்பும் வாலிபர்கள் உங்கள் போதகரிடம் சொல்லி, அங்கே ஏற்கெனவே வருடக்கணக்காகக் குடியிருந்து ஊழியம் செய்கிறவர்களோடு சேர்ந்து போங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாலும் நல்லது. திருக்கோவிலூர் ஐயாவும் சங்கராபுரத்துத் தம்பியும் ஒருநாள் சேர்ந்து ஒரு வீட்டுக்குப் போய்வந்து எனக்கு எழுதினால், இருவர் கடிதத்தையும் அடுத்த இதழில் இதே பக்கத்தில் வெளியிடுவேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆசிரியர்